195-ஐ 220 ஆக்க என்ன ஆகும்: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு உள்ள வழிகள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எல்லாருமே என்றைக்காவது ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். கார் பிடித்திருக்கிறது, விற்க மனமில்லை, ஆனால் இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும். டர்போ போடலாமா, இன்ஜினையே மாற்றலாமா, எடையைக் குறைக்கலாமா, இல்லை பேசாமல் இதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிவிடலாமா? இந்த வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிக்கப் வேண்டும் என்றால் பழைய காரில் பணம் போடலாம், போட்ட பணம் ஓட்டும்போது தெரியும். டாப் ஸ்பீடு மட்டும்தான் குறி என்றால், அதே காரில் கம்பெனியே பலமாகச் செய்து விட்ட மாடலைத் தேடி வாங்குவதுதான் பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

இரண்டையும் ஏன் பிரித்துப் பேசுகிறேன் என்றால், இரண்டுக்கும் தடையாக நிற்பது வேறு வேறு. நின்ற இடத்திலிருந்து பாயும்போது இன்ஜின் சண்டை போடுவது காரின் எடையோடு. மணிக்கு 150 கி.மீ.-ஐத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் காற்றோடுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும், அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான பவர் மும்மடியில் ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்ட 33 சதவீதம் பவர் வேண்டும், 20 சதவீதம் கூட்ட 73 சதவீதம் வேண்டும். பழைய கார், புதிய கார் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

ஒரு காரை வைத்தே பேசலாம். 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர், 115 எச்பி, டாப் ஸ்பீடு சுமார் 195 கி.மீ. இழுவைக் கெழு (காரின் வடிவம் காற்றில் எவ்வளவு தடைபடுகிறது என்று காட்டும் எண்) 0.38, முகப்புப் பரப்பு 1.75 சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 100 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு மட்டும் சுமார் 8.5 கிலோவாட் போகிறது. 195-இல் அதே காற்று 63 கிலோவாட் கேட்கிறது. டயர்கள் உருள்வதற்கு ஒரு 9 கிலோவாட், கியர் பாக்ஸிலும், அதிலிருந்து வரும் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலிலும் தேய்ந்து போவது ஒரு 15 சதவீதம். கூட்டிப் பாருங்கள், 115 எச்பி சரியாகத் தீர்ந்துபோகும். இதே காரை 240-க்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் சுமார் 215 எச்பி வேண்டும். அதாவது இருப்பதைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்க வேண்டும்.

இது காகிதக் கணக்கு என்று யாராவது சொன்னால், போர்ஷே 944-ஐக் காட்டுங்கள். 80-களில் வந்த சாதாரண 944-க்கு 163 எச்பி, 220 கி.மீ. பின்னால் வந்த 944 டர்போவுக்கு 220 எச்பி, 245 கி.மீ. மும்மடிக் கணக்குப்படி வர வேண்டியது 243. பவர் 35 சதவீதம் ஏறியதற்கு டாப் ஸ்பீடில் கிடைத்தது 25 கி.மீ., அதுவும் முன்பக்கத்தைக் காற்றுக்கு ஏற்ற மாதிரி திருத்திய பிறகு.

சரி, இனி வழிகள். எதிலும் கை வைப்பதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது, அதை யாரும் மாற்றமாகவே கணக்கில் எடுப்பதில்லை. அது காரை முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. முப்பது வருஷம் ஓடிய இன்ஜின், புதிதில் தந்த பவரை இன்றும் தருகிறது என்று நம்பி அதன் மேல் டர்போவை ஏற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். நான் முன்பு வைத்திருந்த ஒரு கூப்பே மேலே போகப் போக மூச்சு வாங்கியது. ஏர் ஃபில்டர் மாற்றினேன், பிளக் மாற்றினேன், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து, ஏர் பைப்பைக் கழற்றி, என்னை உள்ளே உட்கார வைத்து ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “வந்து நீங்களே பாருங்க” என்றார். அவர் போய் மிதிக்க, நான் குனிந்து பார்த்தேன். இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலின் பித்தளைத் தகடு முழுசாகப் படுக்கவில்லை, சாய்வாக, முக்கால் வாசியில் நின்றுகொண்டிருந்தது. கேபிள் தளர்ந்திருக்கிறது, மிதியின் அடியில் கனமான மேட் வேறு. ஒரு நட்டைத் திருகி, மேட்டை எடுத்துப் போட்டதும் கார் மாறிவிட்டது. அதுவரை நான் ஓட்டிக்கொண்டிருந்தது முக்கால் இன்ஜினை.

அதனால் முதல் வேலையாக எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். வரும் எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்பது முக்கியம். இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), பெட்ரோல் பிரஷர், அடைத்துப்போன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், நான்காவது கியரில் முழு மிதியில் வழுக்கும் கிளட்ச், எல்லாம் பாருங்கள். அப்புறம் காரை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் காலிப்பர் பிஸ்டன் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரம் அரைச் சுற்றில் நின்றுவிடும். பிரேக்கை லேசாக அழுத்தியபடியே ஓடும் காருக்கு எச்பி கூட்டி என்ன பயன்? இதெல்லாம் முடிந்த பிறகு ஒரு டைனோவில், அதாவது காரின் பவரை அளக்கும் இயந்திரத்தில் ஏற்றி, சக்கரத்தில் என்ன வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் எந்த மாற்றத்தையும் தொடங்காதீர்கள்.

ஸ்பீடோமீட்டரையும் நம்ப வேண்டாம். ஐ.நா. விதி 39-இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது, கூடுதலாக 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை காட்டலாம். அதாவது உண்மையில் 195-இல் போகும் கார் 218 என்று காட்டினாலும் அது விதிக்குள்தான் இருக்கிறது. “என் கார் ஏற்கெனவே 215 போகும்” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, முள்ளைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஜிபிஎஸ் வைத்து அளந்தால்தான் எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதே தெரியும்.

இப்போது இன்ஜின். டர்போ இல்லாமலே பவர் எடுக்கும் வழி கேட்க எளிதாக இருக்கும்: நல்ல ஏர் இன்டேக், நல்ல சைலன்சர், ஒரு ரீமேப் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரின் கணக்குகளைத் திருத்துவது). புதிய டர்போ கார்களில் ரீமேப் மட்டுமே பெரிய மாற்றம் தருகிறதே என்று பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். ரீமேப் செய்பவர் அங்கே பூஸ்டை, அதாவது டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தத்தைக் கூட்டுகிறார். இங்கே கூட்டுவதற்குப் பூஸ்ட் கிடையாது, டைமிங்கையும் பெட்ரோல் அளவையும் கொஞ்சம் திருத்தலாம், அவ்வளவுதான். அதோடு பழைய ஈசியூக்களில் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்கள்) பெரும்பாலானவற்றை வயர் செருகித் திருத்த முடியாது, தனி ஈசியூ வாங்கிப் போட வேண்டும். ஆனால் சில கார்களில் அந்தத் தனி ஈசியூவுக்கே ஒரு நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன 1.6 எம்எக்ஸ்-5-இல் உள்ளே போகும் காற்றை அளப்பது ஸ்பிரிங் வைத்த ஒரு கதவு. இன்ஜின் மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்தக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டுதான் காற்று உள்ளே போக வேண்டும். தனி ஈசியூ போட்டு, பிரஷர் சென்சார் வைத்துவிட்டால் கதவையே எடுத்துவிடலாம். பவர் கூடுவது கொஞ்சம்தான், மிதித்த உடனே இன்ஜின் பதில் சொல்வது நன்றாகவே தெரியும்.

அதற்கும் மேலே கேம்ஷாஃப்ட், ஹெட் வேலை, கம்ப்ரஷன் ஏற்றுவது, சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் என்று போகலாம். ஓர் எச்பிக்கு இவ்வளவு பணம் என்று பார்த்தால் இதைவிட விலை கூடிய வழி கிடையாது. ஏனென்றால் டார்க் (இன்ஜினின் திருப்புவிசை) பெரிதாக ஏறாது, பவரை மேல் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) போய்த்தான் எடுக்க வேண்டும். 7,000-இல் நிற்கும் இன்ஜினை 8,000-க்குக் கொண்டுபோனால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்க வேண்டிய விசை 31 சதவீதம் ஏறுகிறது. வால்வ் ஸ்பிரிங், ராட் போல்ட், ஆயில் பம்ப் கியர் எல்லாவற்றையும் தொட வேண்டிவரும். இருந்தாலும் இதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். நன்றாகச் செய்த ஒரு டர்போ இல்லாத இன்ஜின் 6,000-ஐத் தாண்டி மேலே ஏறும்போது வரும் சத்தம், மிதிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் தாமதமே இல்லாத அந்த இணைப்பு, அதற்காகவே செய்பவர்கள் செய்யட்டும். டாப் ஸ்பீடுக்காகச் செய்ய வேண்டாம்.

டாப் ஸ்பீடை உண்மையாக நகர்த்துவது டர்போதான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் அதே 1.6 லிட்டர் இன்ஜின் 2.2 லிட்டர் அளவுக்குக் காற்றை விழுங்கும். ஆனால் அழுத்தினால் காற்று சூடாகும், விஷயம் முழுக்க அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. 27 டிகிரியில் இருக்கும் காற்றை 0.5 பார் பூஸ்டுக்கு அழுத்தினால், 70 சதவீதத் திறன் உள்ள கம்ப்ரஸரிலிருந்து அது சுமார் 80 டிகிரியில் வெளியே வரும். அப்படியே இன்ஜினுக்குள் விட்டால் கிடைக்கும் கூடுதல் காற்று 28 சதவீதம்தான். நல்ல இன்டர்கூலர் வைத்து 40 டிகிரிக்கு இறக்கினால் அது 44 சதவீதம். அது மட்டுமில்லை, சூடான காற்றில் பெட்ரோல் தன்னால் வெடித்து நாக்கிங் வரும். பழைய பிஸ்டனைக் கொல்வது அதுதான். 1.6 எம்எக்ஸ்-5-இன் கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது) 9.4, இது டர்போவுக்காக வைத்த எண் இல்லை. குறைந்த பூஸ்டில், டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து, பெட்ரோலைச் சற்றுக் கூடுதலாக விட்டு ஓட்டினால் தாங்கும். போர்ஷே என்ன செய்தது என்று பாருங்கள். ஐரோப்பாவில் விற்ற சாதாரண 944-இன் கம்ப்ரஷன் 10.6. டர்போ மாடலுக்கு அதை 8.0-க்கு இறக்கினார்கள், பிரேக்கையும் பெரிதாக்கினார்கள். டர்போவை மட்டும் தனியாக வாங்கி மாட்டுபவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த மற்ற வேலைகளைத்தான்.

0.5 பாரில் 40 சதவீதம் கிடைக்கிறது என்று வையுங்கள். 115 எச்பி 160-ஐத் தொடும். ஓட்டும்போது வேறு கார் மாதிரி இருக்கும், இதில் சந்தேகமே வேண்டாம். டாப் ஸ்பீடு எவ்வளவு? சுமார் 218. 45 எச்பிக்கு 23 கி.மீ. அதற்குப் பெரிய இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், ஈசியூ, இன்டர்கூலர், பலமான கிளட்ச், நல்ல ரேடியேட்டர் எல்லாம் வேண்டும். டர்போவின் விலை மொத்தச் செலவில் ஒரு பங்குதான், அதைச் சுற்றி உள்ளவைதான் பணத்தைக் குடிக்கும். அத்தனையும் செய்ய முடியாது என்றால், பாதி மட்டும் செய்துவிட்டு ஓட்டுவதைவிட டர்போ போடாமலே இருப்பது நல்லது.

சூப்பர்சார்ஜரும் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதுதான், ஆனால் இன்ஜினின் பெல்ட்டிலேயே ஓடுவதால் அதைச் சுற்றவே கொஞ்சம் பவர் போகும். அதற்குப் பதிலாக மிதித்தவுடன் தள்ளும், பானெட்டுக்குள் புகை வெளியேறும் பக்கத்துச் சூடும் குறைவு. வளைவுகளில் ஓட்ட விரும்புபவர் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். உச்ச எண் வேண்டுபவருக்கு டர்போ.

இன்ஜினுக்குள் விடும் நைட்ரஸ் வாயு பற்றிக் கேட்பார்கள். வாயு சிலிண்டர் காலியாகும் வரை சில விநாடிகள் தள்ளும். கால் மைல் பந்தயத்துக்குச் சரி, டாப் ஸ்பீடுக்கு ஆகாது.

இனி கியர். இதில்தான் நிறையப் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அதே 1.6 எம்எக்ஸ்-5-இன் ஐந்தாவது கியரின் பல் விகிதம் 0.814, டிஃபரன்ஷியலின் விகிதம் 4.3. 185/60 அளவு 14 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 1.815 மீட்டர் ஓடும். 7,000 ஆர்பிஎம்மில் இந்த கார் போக வேண்டியது 218 கி.மீ. 195-இல் இன்ஜின் சுமார் 6,270-இல் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் உச்ச பவர் வருவது 6,500-இல். அதாவது கம்பெனி கியரைக் கிட்டத்தட்ட சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறது. இந்தக் காரில் “நீளமான”, அதாவது விகித எண் குறைந்த டிஃபரன்ஷியல் போட்டால் டாப் ஸ்பீடு ஏறாது, குறையத்தான் செய்யும், ஏனென்றால் இன்ஜினை உச்ச பவரிலிருந்து கீழே இழுக்கிறோம். “ஆர்பிஎம் இன்னும் மிச்சம் இருக்கிறது, கியர்தான் பத்தவில்லை” என்று சொல்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஐந்தாவது கியரில் இன்ஜின் சிவப்புக் கோட்டைத் தொட்டு நிற்கிறதா, இல்லை அதற்கு முன்பே ஏற முடியாமல் நிற்கிறதா? தொட்டு நின்றால் கியர் குறை. தொடாமல் நின்றால் பவர் குறை அல்லது காற்று.

டர்போ போட்ட பிறகு கதை மாறும். 218 போகும் பவர் வந்துவிட்டது, ஆனால் 218-இல் இன்ஜின் சரியாக 7,000-இல் கத்திக்கொண்டிருக்கும். அப்போதுதான் நீளமான டிஃபரன்ஷியலுக்கு அர்த்தம் வருகிறது. 1.8 லிட்டர் மாடலில் வந்த 4.1-ஐப் போட்டால் அதே 218-இல் சுமார் 6,680 ஆர்பிஎம். அந்த டிஃபரன்ஷியல் அளவிலும் பெரியது, கூடுதல் டார்க்கைத் தாங்கும். டர்போ போடாதவர் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். குட்டையான, அதாவது விகித எண் கூடிய டிஃபரன்ஷியல் போட்டால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் தள்ளுவிசை கூடும், பிக்கப் ஏறும், இன்ஜினுக்கு எந்தச் சுமையும் இல்லை. என்னைக் கேட்டால் பழைய காரில் போடும் பணத்துக்கு மிக நேர்மையாகப் பலன் தருவது இதுதான். நெடுஞ்சாலையில் சத்தம் கொஞ்சம் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எடையும் அப்படித்தான். ஆள், பெட்ரோலோடு 1,050 கிலோ இருக்கும் காரில் 100 கிலோ குறைத்தால், பிக்கப்புக்கு அது பத்து சதவீதத்துக்கு மேல் பவர் கூட்டியதற்குச் சமம். பிரேக் நன்றாகப் பிடிக்கும், வளைவில் திரும்பும், டயர் குறைவாகத் தேயும். ஆனால் டாப் ஸ்பீடில் ஒரு கிலோமீட்டர்கூட முழுசாகக் கூடாது. 1973 மாடலாக வந்த போர்ஷே கேரேரா ஆர்எஸ் 2.7-ஐ இன்றைக்கும் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். அதில் இருந்தது 210 எச்பிதான், எடை குறைந்த வகை 960 கிலோ. எங்கிருந்து குறைக்கலாம் என்றால், மோட்டார் வைத்த பழைய சீட்டுகள், கனமான பேட்டரி, சைலன்சர், இரும்பு ஸ்பேர் சக்கரம். ஓடும் சக்கரத்தில் குறைக்கும் எடைக்கு மதிப்பு இன்னும் அதிகம். பம்பருக்குள் இருக்கும் இரும்புச் சட்டம், கதவுக்குள் இருக்கும் தாங்குக் கம்பி, ஏர்பேக், இவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். சாலையில் ஓடும் காரில் அவை வெறும் எடை இல்லை, உங்கள் விலா எலும்புக்கு முன்னால் நிற்பவை.

காற்றைக் குறைப்பது யாருக்கும் தோன்றாத வழி, ஆனால் டாப் ஸ்பீடுக்கு இன்ஜினைத் தொடாமல் செய்யக்கூடியது இது ஒன்றுதான். மொத்த இழுவையை 10 சதவீதம் குறைத்தால் வேகம் சுமார் 3 சதவீதம் ஏறும், 195 என்பது 201 ஆகும். திறந்த காரில் கூரையை மூடுவதே ஒரு பெரிய மாற்றம், துணிக் கூரையை விடக் கெட்டிக் கூரை நல்லது. பிறகு காரின் அடிப்பக்கம் போய்ப் பாருங்கள். பழைய கார்களில் இன்ஜினுக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் தட்டு பெரும்பாலும் இருக்காது. ஏதோ ஒரு ஆயில் மாற்றத்தின்போது கிளிப் உடைந்து, “இது தேவையில்லை” என்று யாரோ தூக்கிப் போட்டிருப்பார்கள். அதைத் திரும்ப வாங்கி மாட்டுங்கள். இழுவையும் குறையும், ரேடியேட்டருக்குப் போக வேண்டிய காற்றும் ஒழுங்காகப் போகும். அகலமான டயர் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், முகப்புப் பரப்பும் கூடும், வேகம் குறையும். பெரிய விங்கும் அப்படித்தான், பிடிப்பைத் தந்துவிட்டு டாப் ஸ்பீடை எடுத்துக்கொள்ளும்.

அதற்காகப் பின்னால் இருக்கும் சிறிய ஸ்பாய்லரைக் கழற்றிவிடாதீர்கள். வேகம் கூடக் கூட காற்று காரைத் தூக்கப் பார்க்கும். முதல் தலைமுறை ஆடி டிடி வந்த புதிதில் அதிவேகத்தில் பின்பக்கம் நிலை இழந்து விபத்துகள் நடந்தன. அதற்குப் பிறகு ஆடியே கார்களைத் திரும்ப அழைத்து, சஸ்பென்ஷனைத் திருத்தி, பின்னால் சிறிய ஸ்பாய்லர் வைத்துக் கொடுத்தது. அது அப்போது புத்தம் புதிய கார். தேய்ந்த ரப்பர் புஷ்களோடு, அது செய்யப்பட்ட காலத்தில் யாரும் எதிர்பார்க்காத வேகத்துக்குப் போகும் ஒரு பழைய காரை நினைத்துப் பாருங்கள். 220-ஐத் தாண்டி முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் கையில் காகிதம் மாதிரி ஆகும் அந்த உணர்வு யாருக்கும் வர வேண்டாம்.

இன்ஜினை மாற்றுவது. ஜெனரல் மோட்டார்ஸின் எட்டு சிலிண்டர் எல்எஸ் இன்ஜினை 944-இலும் எம்எக்ஸ்-5-இலும் இறக்கியவர்கள் உண்டு. 1997-இல் கார்வெட்டில் வந்த எல்எஸ்1 என்பது 5.7 லிட்டர், அலுமினியம் பிளாக், 345 எச்பி, அளவில் சிறியது, அதனால்தான் எல்லாரும் அதைத் தேடிப் போகிறார்கள். பவருக்கு இதைவிட நிச்சயமான வழி இல்லை. ஆனால் இன்ஜின் மட்டும் வராது. கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆக்ஸில், ரேடியேட்டர், சப்ஃபிரேம், வயரிங், பெட்ரோல் லைன் எல்லாம் மாறும். பதிவிலும், புகை விதியிலும், இன்ஷூரன்ஸிலும் அது அனுமதிக்கப்படுமா என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் நின்றுபோய் ஷெட்டில் துணி போர்த்தியபடி கிடக்கும் கார்களில் நிறைய இந்த வகைதான். சொந்தமாக வெல்டிங்கும் வயரிங்கும் தெரிந்து, இடமும் நேரமும் இருப்பவர் செய்யட்டும். அதே குடும்பத்தில் இருக்கும் பெரிய இன்ஜின், அதாவது 1.6 இருந்த இடத்தில் 1.8, அது வேறு விஷயம், பெரும்பாலான பாகங்கள் பொருந்தும், தைரியமாகச் செய்யலாம்.

எந்த வழியில் போனாலும் பட்ஜெட்டில் முதலில் ஒதுக்க வேண்டியது டயருக்கும் பிரேக்குக்கும். 200-இலிருந்து 240-க்குப் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் வேகக் குறியைப் பாருங்கள். எச் என்றால் 210 வரை, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. எச் டயரோடு 218 போகும் காரைச் செய்து வைப்பது சரியில்லை. அதே பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். கொஞ்சமாக ஓட்டும் காரில் ட்ரெட் புதிதாகத்தான் தெரியும், ஆனால் ரப்பர் பத்து வருஷம் பழையதாக இருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் தூக்கிப் போடுங்கள். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 வகை ஃப்ளூயிட் கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும், ஈரம் ஏறியதற்கு விதி கேட்கும் குறைந்தபட்சமே 155 டிகிரிதான். அதிவேகத்திலிருந்து இரண்டு முறை அழுத்தி நிறுத்திவிட்டு மூன்றாவது முறை மிதிக்கும்போது பெடல் அப்படியே தரைக்குப் போவது அதனால்தான்.

இவ்வளவும் ஒப்பிட்ட பிறகு நான் எப்படித் தேர்வு செய்வேன் என்றால், வளைவுகளில் ஓட்டி மகிழ்பவருக்கு முதலில் இன்ஜினைச் சரி செய்து, நல்ல டயர், புஷ், ஷாக் அப்சார்பர், குட்டை டிஃபரன்ஷியல், முடிந்தால் 60, 70 கிலோ எடைக் குறைப்பு. இதற்கு ஆகும் செலவு, ஒழுங்காகப் போட்ட டர்போவின் செலவைவிடக் குறைவு, காரும் உடையாமல் ஓடும். பிக்கப் இன்னும் வேண்டும் என்றால் அதன் மேல் குறைந்த பூஸ்டில் சூப்பர்சார்ஜர் அல்லது டர்போ. டாப் ஸ்பீடு வேண்டும் என்பவரிடம் நான் கேட்பது, அதை எங்கே ஓட்டப் போகிறீர்கள்? கடைசி 10 கி.மீ. வேகத்தை எடுக்கத்தான் நீண்ட தூரம் வேண்டும், ஏனென்றால் அங்கே இன்ஜினிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது, ஊர்ந்துதான் ஏறும். பிரான்ஸில் பால் ரிக்கார்ட் ஓடுதளத்தின் மிஸ்த்ரால் நேர்கோடு 1.8 கி.மீ., அப்படிப்பட்ட இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொதுச் சாலை இதற்கான இடம் இல்லை. மூடிய ஓடுதளமோ, இதற்காகவே திறந்துவிடும் விமான ஓடுபாதையோ உங்களுக்குக் கிடைக்கிறது என்றால் மேலே பேசலாம்.

கிடைக்கிறது, 240 வேண்டும் என்று உறுதியாக இருந்தால், 944 வைத்திருப்பவர் அதை விற்றுவிட்டு 944 டர்போ வாங்குவது நல்லது. மற்ற கார்களிலும் இப்படிக் கம்பெனியே பலப்படுத்திய ஒரு மாடல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கம்ப்ரஷன், கூலிங், கியர் பாக்ஸ், பிரேக், காற்று எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து வருஷக்கணக்கில் சோதித்திருப்பார்கள், அந்த வேலையை ஒரு தனி ஆள் ஷெட்டில் செய்து முடிக்க முடியாது. மாற்றம் செய்த காரை விற்கும்போது போட்ட பணம் திரும்பாது என்பதையும் நினைவில் வையுங்கள், கம்பெனி நிலையிலேயே இருக்கும் டர்போ மாடலுக்கு விலை நிற்கும். ஆனால் வாங்கும் முன் டைமிங் பெல்ட்டும் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டும் எப்போது மாற்றியது என்று ரசீதைக் கேளுங்கள். 944-இல் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி, வால்வ் வளைந்துவிடும். ரசீது இல்லை, “போன வருஷம்தான் மாத்தினேன்” என்று வாயால் மட்டும் சொன்னால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வண்டி கைக்கு வந்த வாரத்திலேயே பெல்ட்டை மாற்றிவிட்டு அப்புறம் முழு மிதி மிதியுங்கள்.